காலிமுகத்திடலில் ஒரு மாலை

ஊரிலிருந்து வந்திருந்த அன்னையாரைச் சென்ற ஞாயிறு மாலை கொழும்புக் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் சென்றேன். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கிய கடலோர உலாவீதி 1859இல் நிறைவுற்றது. பெண்டிர், குழந்தைகளின் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டிக் கல்லும் நாட்டுவித்தார். வானெங்கும் பட்டங்கள். இறால் வடையின் மணம் வேறு. மரக்கறி உண்ணும் எங்களுக்கு மணத்தோடு சரி! அன்னையாரோ ஓடித்திரிந்த சிறுவர்களையே நோக்கியிருந்தார்.

“தம்பி, எவ்வளவு பிள்ளையள்!”

எங்கள் சுருவிலிலும் கடலுண்டு, காற்றுண்டு, பரந்த வெளியுண்டு. 1990இல் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்தோரிற் பலர் மீளவில்லை. எங்கள் ஒழுங்கையிற் பட்டம் விடுவதற்கு இன்று ஒரு சிறுவனுமில்லை.

இருட்டிவிட்டது. புறப்படுவோமா என்றேன்.

“இன்னுங் கொஞ்சம் இருப்பம்” என்றார்.