பேர்ல இருக்கு மாடு!

2012-ல் கூகுள்காரர்கள் 1,000 கம்ப்யூட்டர்களைக் கோத்து, யூட்யூபிலிருந்து உருவிய 1 கோடி படங்களை 3 நாள் காட்டினார்கள். எந்தப் படத்திலும் பேர் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு நியூரான், பூனை முகம் வந்தால் துள்ளியது! கறுப்போ வெள்ளையோ, திரும்பத் திரும்ப வந்த பொதுச் சாயலை அதுவே பிடித்துக்கொண்டது.

என் மூன்று வயசு மகளும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டி, சென்னை வண்டி, ஏ.ஸி. வண்டி எல்லாமே 'பஸ்'. லாரி வந்தால், 'ம்ஹூம்!' பஸ் என்றால் என்னவென்று நான் பாடம் எடுத்ததில்லை. (பி.காமில் அது கிடையாது!) 1 கோடி பஸ்ஸும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

சிக்கல் வேறு. அந்த மெஷினிடம் பூனை இருந்தது, பேர் இல்லை. இங்கே பேர் இருக்கிறது, மாடு இல்லை. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. 1999-லிருந்து இது பஸ் ஸ்டாண்ட்.

"மாடு எங்கப்பா?"

"பேர்ல இருக்கு, தங்கம்."

"அது பால் கறக்குமா?"