குடும்பத்தோடு ஒரு சபர்





'சபர்' என்னும் அரபுச் சொல் நம் இல்லங்களில் எந்தப் பொருளில் வழங்கி வந்திருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அகராதியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் "அவர் சபரில் இருக்கிறார்" என்று சொன்னால், வீட்டுத் தலைவர் பொருள் தேடிக் கடல் கடந்து போயிருக்கிறார், மனைவி மக்கள் ஊரில் காத்திருக்கிறார்கள் என்பதே கேட்பவர் நெஞ்சில் தோன்றும் பொருள். முன்பு பினாங்கும் சிங்கப்பூரும் ரங்கூனும் கொழும்பும். பின்பு துபாயும் குவைத்தும் ஜித்தாவும். திசைகள் மாறினவே தவிர பிரிவு மாறவில்லை. நம் சமுதாயத்தில் பயணம் செய்தவர் ஆண். அஞ்சல்காரனை எதிர்பார்த்து வாசலில் நின்றவள் பெண்.

அந்தச் சபரையே குடும்பத்தைச் சேர்த்து வைக்கும் சபராக மாற்றிக்கொள்ள இயலாதா? எங்கள் நெமிலிச்சேரியைப் போன்ற ஒரு புறநகரில், மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம், கடன் படாமலும் வட்டியைத் தீண்டாமலும் ஓர் அயல்நாட்டைக் கண்டு திரும்ப முடியுமா? முடியும் என்பதைக் கண்டறிந்த காரணத்தாலேயே இதனை எழுதுகிறேன்.

நெமிலிச்சேரி சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ள ஊர். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் முதற்கட்டம் இங்கேதான் முடிந்தது. பின்னர் அது மீஞ்சூர் நோக்கி நீண்டது. ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும், 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைப்பவர்கள் இப்பகுதியில் மிகுதி. நடுவண் அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. தொழிற்பேட்டையில் கடைசல் பிடிப்பவருக்கும், கடை வைத்திருப்பவருக்கும், மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கும் அப்படி ஒன்றுமில்லை. இவர்கள் வீட்டுப் பெண்களின் பயணமெல்லாம் கல்யாண வீடு, மௌத்து வீடு, மருத்துவமனை என்னும் மூன்று இடங்களோடு முடிந்துவிடுகிறது. இது மிகையன்று, உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சுற்றுலா வீண்செலவுதானே என்று சிலர் கேட்கலாம். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்றும் முன்சென்றவர்களின் முடிவு என்னவாயிற்று என்றும் நோக்குமாறு இறைமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. 1325இல் தஞ்சீர் நகரைவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா என்னும் 21 வயது இளைஞர், அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இலங்கையில் பாவா ஆதம் மலையில் ஏறினார். மதுரை சுல்தான்கள் ஆண்ட நம் மஃபர் நாட்டிலும் தங்கினார். அவர் கண்டு சொன்னவை இன்றும் வரலாற்றுக்கு ஆதாரமாக நிற்கின்றன.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. ஹஜ் கடமையாகிவிட்டவர், அந்தப் பணத்தை எடுத்து ஊர் சுற்றுவது முறையன்று. கடன்பட்டவர் கடனை அடைப்பதே முதற்கடமை. "இப்போது போங்கள், பிறகு தவணையாகக் கட்டுங்கள்" என்று அழைக்கும் விளம்பரங்களின் பின்னே நிற்பது வட்டி. அந்த வாசலை நாம் மிதிக்கவே வேண்டாம். இம்மூன்றும் இல்லாதவர் தம் ஹலாலான சேமிப்பில் குடும்பத்தை அழைத்துச் செல்வதில் குறை காண இடமில்லை. கணவனோ மஹ்ரமானவரோ உடன் வர, பெண்கள் கவலையின்றிச் செல்லத்தக்கதும் இத்தகைய பயணமே.

கணக்கு வழக்கு

நாங்கள் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர். மாதம் 4,000 ரூபாய் வீதம் 36 மாதங்கள், ஏலமில்லாத குலுக்கல் சீட்டில் கட்டினோம். கையில் சேர்ந்தது 1,44,000 ரூபாய். அதைக் கொண்டு 2024 மே விடுமுறையில் மலேசியாவுக்குச் சென்று ஏழு இரவுகள் தங்கித் திரும்பினோம். செலவு வருமாறு:

கடவுச்சீட்டு நான்கிற்கு 5,000 (பெரியவருக்கு 1,500, சிறுவருக்கு 1,000), விமானக் கட்டணம் போக வர 64,000, தங்கும் அறை 15,400, உணவு 16,000, அந்நாட்டு ரயில், பேருந்து 14,000, நுழைவுக் கட்டணங்களும் தொலைபேசிச் சிம்மும் 6,000, உறவினர்க்கு வாங்கிய பொருள்கள் 10,000. ஆகமொத்தம் 1,30,400. மீதி 13,600 ரூபாயோடு வீடு திரும்பினோம், அல்ஹம்துலில்லாஹ். இத்தொகை முழுவதும் ஒருவரது ஹஜ் செலவில் பாதிக்கும் குறைவு என்பதையும் கவனியுங்கள்.

மலேசியாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள்கள் வரை அங்கே தங்க அந்நாட்டு அரசு அனுமதித்தது. இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய விதிகள் மாறும் இயல்பின, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும். வருகைப் படிவத்தை அங்கே போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

மலிவு விமானங்களில் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பையே இலவசம். வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமான நிலையத்திற்கு வாடகைக் காரும் வேண்டியதில்லை. நெமிலிச்சேரியில் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோ நேரே விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும். அயல்நாட்டுப் பயணம் ஒரு பத்து ரூபாய்ச் சீட்டில் தொடங்கியதை என் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பினாங்கு

கோலாலம்பூரில் இரண்டு நாள்கள் போதும். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலாகப் பயணம் செய்தால் பட்டர்வொர்த். அதன் எதிரே, ஒரு கடற்காலுக்கு அப்பால் பினாங்குத் தீவு. பாலம் இருக்கிறதே என்று பேருந்தில் ஏறிவிடாதீர்கள். பயணிகள் படகில் 2 ரிங்கிட் கொடுத்துச் செல்லுங்கள். நம் முன்னோர் கண்டதுபோல் ஜார்ஜ் டவுன் நகரம் கடலிலிருந்து எழுந்து வருவதைக் காணலாம்.

1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தைத் தொடங்கிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள், சூலியர் என்னும் பெயரால், அங்கே வாணிகம் செய்தார்கள். அப்பெயரைச் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்களின் தலைவர் காதர் முகைதீன். 'கப்பித்தான் கிளிங்' என்பது அவருக்கு வழங்கிய பதவிப் பெயர். அவர் தலைமையில் 1801இல் எழுந்த பள்ளிவாசலே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். எளிய கட்டடமாகத் தொடங்கிய அது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய கும்மட்டங்களைப் பெற்றது. அதே சாலையிலும் அதன் அருகிலுமாகச் சீனரின் குவான்யின் கோயிலும், 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயமும், 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயிலும் நடந்து பார்க்கும் தொலைவில் நிற்கின்றன. பாங்கொலியும் மணியோசையும் ஒன்றையொன்று நெருக்காமல் ஒரே தெருவில் ஒலிப்பதைப் பிள்ளைகள் காதாரக் கேட்டார்கள். நான் வகுப்பில் பலமுறை சொல்லியும் ஏறாத பாடம் அது. சூலியா தெருவோரம் நாகூர் ஆண்டகை நினைவாக எழுப்பிய சிறு கட்டடமும் உண்டு. 2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்கா ஆகிய இரு நகரங்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

தமிழ்ப் பற்றுள்ள வாசகர்களுக்கு ஒரு செய்தி. நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியது இந்தப் பினாங்கில்தான். சிங்கப்பூரிலோ 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வெளியிட்டார். கடல் கடந்தவர்கள் காசை மட்டும் தேடவில்லை.

உணவைப் பற்றிக் கவலையே இல்லை. நாசி கண்டார் என்பது நம்மவர் கொடுத்த உணவு. 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் காவடித் தண்டு. சோற்றையும் குழம்பையும் தோளில் காவடியாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு அப்பெயரில் இருக்கிறது. அக்கடைக்காரரை 'மாமாக்' என்கிறார்கள், நம் 'மாமா'தான்! கப்பலை 'கப்பால்' என்றும், கடையை 'கெடாய்' என்றும், முதலை 'மொடால்' என்றும் மலாய்மொழி வழங்குவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் குதூகலித்தார்கள். ஓர் எச்சரிக்கை: கணவாயும் பெரிய இறாலும் விலை அதிகம். விலை கேட்ட பின்பே தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தெருக்களில் நடந்தபோது என் பாட்டனார் நினைவு வந்தது. அவர் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதினார். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஓடிய 'ரஜூலா' கப்பலில் போனவர் அவர். இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்றே முறை ஊர் வந்தார். அவர் அனுப்பிய கைலியும் சாயத்தட்டும் எங்கள் வீட்டில் இருந்தன. ஆனால் அவர் எந்தத் தெருவில் நடந்தார், எந்தப் பள்ளியில் தொழுதார் என்பதைப் பாட்டியார் கண்ணால் கண்டதில்லை. 'ரஜூலா' 1970களில் ஓய்ந்தது. அதன் வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் தீப்பற்றியபின் அப்பயணம் முடிந்துபோயிற்று. கப்பித்தான் கிளிங் பள்ளியின் பெண்கள் பகுதியில் தொழுதுவிட்டு வந்த என் மனைவி, "பாட்டிமா வந்திருக்க வேண்டிய இடம்" என்றார். எங்கள் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒன்றாகக் கண்ட முதல் அயல்நாடு, எங்கள் குடும்பத்தைப் பிரித்து வைத்திருந்த அந்த ஊர்தான்.

பயணத்தில் தொழுகை

இது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் ஊர் எல்லையைக் கடந்தபின் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். சுபுஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. ஓரிடத்தில் 15 நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவர் ஹனஃபி மத்ஹபின்படி முஸாபிர். ஷாஃபி மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணிவிட்டால் முழுமையாகத் தொழ வேண்டும். பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு மத்ஹபினரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆனால் கதிரவன் அங்கே கடிகாரத்தைப் பொருட்படுத்துவதில்லை! மஃரிபு ஏழரை மணியை ஒட்டித்தான் வருகிறது. அறையின் கூரையில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், கடைத்தொகுதி எங்கும் 'சுராவ்' என்னும் தொழுமிடம். அதில் பெண்களுக்குத் தனிப் பகுதி, ஒளூச் செய்ய இடம், உடுத்தித் தொழ வெள்ளங்கி. நம் ஊரில் வெளியே சென்ற பெண்கள் வக்தைத் தவறவிட்டு, வீடு திரும்பிக் களாச் செய்வதை நாம் அறிவோம். அங்கே ஏழு நாள்களும் ஒரு வக்தும் தவறாமல் தொழுதார் என் மனைவி. பயணத்தில் தமக்குக் கிடைத்த பெரும் நிஃமத் எது என்று கேட்டால் மலையையும் கடலையும் அவர் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறார். நம் ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு ஒரு சிற்றறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒதுக்குவதற்கு எவ்வளவு செலவாகும்?

நீங்கள் செய்யத்தக்கவை

இன்றே விமானச் சீட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடவுச்சீட்டு எடுங்கள். பெரியவர்களுக்கு அது பத்தாண்டு செல்லும்; நாளை உம்ராவுக்கும் அதுவே உதவும். அடுத்து, மாதம் ஒரு சிறு தொகையைத் தனியே வையுங்கள். எங்கே போவது என்பதை வீட்டார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். சேமிப்பு மலேசியாவை எட்டவில்லை என்றால் இலங்கை இருக்கிறது. கொழும்புப் பேட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் காணத்தக்கது. அதுவும் எட்டவில்லை என்றால், நெமிலிச்சேரியில் ரயிலேறிப் பழவேற்காட்டுப் பக்கம் ஒருநாள் போய் வாருங்கள். பழைய தமிழ் முஸ்லிம் குடியிருப்பு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தொலைவு முக்கியமன்று; வீட்டிலுள்ள பெண்ணும் உடன் வருகிறாளா என்பதே முக்கியம்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களே! விடுமுறையில் ஊர் வரும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுவருகிறீர்கள். அடுத்த முறை பெட்டியைச் சற்றுக் குறைத்து, உங்கள் மனைவி மக்களோடு ஐந்து நாள்கள் எங்கேனும் சென்று வாருங்கள். தந்தையின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, அவர் விரல் பிடித்து ஒரு புதிய தெருவில் நடப்பதைவிடப் பெரிய பரிசு இல்லை.

நம் சபர்களை எல்லாம் வல்ல நாயன் ஹலாலானவையாகவும் இலேசானவையாகவும் ஆக்கி, புறப்பட்டவர்களை நலமே வீடு சேர்ப்பானாக! ஆமீன்.