அக்கா இருக்கும்போது ஹோம் எதற்கு?

தெரிந்த வீடு. அப்பா, அம்மா இருவரும் இல்லை. தம்பி பத்தாவது, அக்காவுக்கு 22, ஜவுளிக்கடை வேலை. "உன் கல்யாணம் என்னாவது? அவனை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவளோ தம்பிக்கு டிபன் பாக்ஸ் கட்டிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.

வீட்டில் அடி உதை என்றால் வளர்ப்புக் குடும்பம்தான் பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் பணமில்லை என்பதற்காகப் பிரிப்பது அநியாயம். 2015 இளைஞர் நீதிச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினாலும் உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒன்றாகவே வைக்கச் சொல்கிறது. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 2,000.

முதலில் பையனைக் கேளுங்கள். அக்காவுக்கு அறிவுரை சொல்வதை விட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிப்போங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.