ஒன்பது பின் கேபிள்

திங்கட்கிழமை

ஏஜிலென்ட் திரவக் குரோமட்டோகிராஃபுடன் வேறொரு கம்பெனியாரின் டிடெக்டரைப் பிணைக்கும் காரியம் இன்று என்னிடம் வந்து சேர்ந்தது. மாதிரித் திரவம் குழாயில் செலுத்தப்படும் அதே கணத்தில் டிடெக்டரின் கடிகாரமும் ஓடத் தொடங்காவிடில், எந்த வஸ்து எத்தனையாவது நிமிஷத்தில் வெளிப்பட்டது என்ற கணக்கே அர்த்தமற்றதாகிவிடும். இவ்விரு யந்திரங்களுக்கும் பொதுவான மென்பொருள் இல்லாமையால், ஹ்யூலெட்-பக்கார்டு காலந்தொட்டு வழங்கிவரும் ‘ஏ.பி.ஜி. ரிமோட்’ என்னும் ஒன்பது பின் கேபிளே கதி.

செவ்வாய்க்கிழமை

ஒன்பதில் ஒன்று கிரவுண்ட், ஒன்று வெறுமை. எஞ்சியவை ஸ்டார்ட், ஸ்டாப், ரெடி, ஷட்டவுன் முதலிய ஏழு சமிக்ஞைகள். ஒவ்வொரு கம்பியையும் ஓர் எதிர்த்தடை 5 வோல்ட்டில் உயர்த்தி வைத்திருக்க, அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் அதிகாரம் மட்டுமே கருவிகளுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கருவியும் அதைத் தானாக மேலே தள்ள இயலாது. இந்த ஒரு நியதியிலிருந்து எத்தனை விவேகம் பிறக்கிறது! பந்தியில் கடைசி இலைக்கும் பரிமாறி முடியும்வரை முதல் இலைக்காரர் கை வைக்காதிருப்பதைப் போல, ஒரு கருவியேனும் ஆயத்தமாகாமல் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்வரை ரெடிக் கம்பி எழும்புவதில்லை. ஷட்டவுன் கம்பியிலோ, கசிவு கண்ட ஏதேனும் ஒன்று இழுத்தாலே போதும், பம்ப் நின்றுவிடும். சம்மதத்துக்கு அனைவரும் வேண்டும், அபாயத்தை அறிவிக்க ஒருவர் போதும். 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்று தரப்படுத்தப்பட்ட பஸ்ஸிலும், பதினைந்து கருவிகள்வரை கோத்து, மிக மந்தமானதன் வேகத்துக்கே மற்றவற்றைக் காத்திருக்கச் செய்வது இதே உபாயந்தான். நெட்வொர்க் கேபிள் எவ்வளவோ தகவல் சுமக்கலாம். ஆயினும் மல்டிமீட்டர் வைத்து ஐயம் தீர்த்துக்கொள்ளக்கூடிய இக்கம்பிகளிடமே எனக்கு அபிமானம் அதிகம்.

வியாழக்கிழமை

ஸ்டார்ட் சுலபமாக முடிந்தது: மூன்றாம் பின்னும் கிரவுண்டாகிய முதற்பின்னும் டிடெக்டரின் ஸ்டார்ட் முனைகளுக்குச் சென்றன. தொல்லை கொடுத்தது ஏழாம் பின்னாகிய ரெடி. டிடெக்டரின் ரிலே, தான் தயாரானதும் மூடிக்கொள்ளும் சுபாவமுடையது. அதை அப்படியே இணைத்தால், டிடெக்டரின் விளக்கு சூடேறி எல்லாம் சித்தமான தருணத்தில்தான் கம்பி பூஜ்யத்துக்கு இழுக்கப்பட்டு, மாதிரியைச் செலுத்தும் ஆட்டோசாம்ப்ளர் என்றைக்கும் காத்துக்கொண்டே நிற்க நேரும். நல்லவேளையாக அதே ரிலேயில் எதிர்மாறாக இயங்கும் முனையும் இருந்தது. அதில் இணைத்தபின், விளக்கு குளிர்ந்திருக்கையில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியும், சூடேறியபின் 5 வோல்ட்டை ஒட்டியும் காட்டிற்று. சாம்ப்ளர் உடனே முதற்குப்பியை எடுத்தது.

ஷட்டவுன் கம்பி இன்னும் பாக்கி. டிடெக்டரின் கசிவு உணரிக்குத் தனி ரிலே உண்டா என்று நாளைக் காலை அதன் கைந்நூலைப் பார்க்க வேண்டும்.