பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம்

பூப்பந்து ஆடப் பத்துப் பேர் வேண்டும். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. இறகுப்பந்து போல இரண்டு பேர் வந்ததும் தொடங்கிவிட முடியாது. சின்ன வயதில் எனக்குக் கிடைத்த நல்லவற்றில் பாதி இந்த ஒரு விதியால் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

எண்பதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்திலோ கோயில் திடலிலோ ஒரு கோர்ட் கண்ணில் படும். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், இரண்டு கம்பம், ஆறடி உயரத்தில் ஒரு நெட். கூரை வேண்டாம், சிமென்ட் தளம் வேண்டாம். 1856 வாக்கிலேயே தஞ்சை அரண்மனைக்காரர்கள் இதை ஆடினார்கள் என்று ஆட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். நாங்கள் ஆடியது அரண்மனை ஆட்டம் இல்லை. வெயில் தாழ்ந்ததும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, புழுதி அடங்கியபின் சுண்ணாம்புத் தூளைக் கோடு நெடுக விரல்களால் கசியவிட்டுக்கொண்டே பின்னால் நடப்போம். அந்த வேலைக்கே போட்டி இருந்தது.

பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் கம்பளி நூலில் செய்தது, எலுமிச்சம்பழ அளவு, முப்பது கிராமுக்கு மேல் போகாது. புதுப் பந்தில் நூல் இறுகி, மேலே மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். கட் அடித்தால் அந்த ரோமம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். நேராக வருவதுபோல வந்து கடைசி நேரத்தில் சரிந்து விழும். சாயங்காலக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் யாரும் சர்வீஸ் போட மாட்டார்கள். மழைத்தூறல் விழுந்தால் பந்து நனைந்து கனத்துப்போகும், அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான்.

பத்துப் பேர் சேர வேண்டும் என்பதால் யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மின்வாரிய லைன்மேன், வங்கிக் குமாஸ்தா, கணக்கு வாத்தியார், சலூன் கடைக்காரர், எங்களைப் போன்ற பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாரும் ஒரே கோர்ட்டில் நின்றோம். எட்டுப் பேர் வந்துவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீதி இரண்டு பேரைத் தேடிப் போவோம். பேட் பிடிக்கத் தெரியாதவன் கிடைத்தாலும் இழுத்துவந்து ஓரமாக நிறுத்திக்கொள்வோம். அவன் பக்கம் வருகிற பந்தை மற்ற நாலு பேரும் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் அவனும் ஆட்டக்காரன் ஆகிவிடுவான். நான் ஆட வந்ததும் அப்படித்தான்.

நடுவில், சென்டரில், லைன்மேன் அண்ணன் நிற்பார். எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது அடிப்பதை அல்ல, விடுவதை. ஒருநாள் நெட்டுக்கு மேலே அழகாக ஒரு பந்து வந்தது. என் பேட்டுக்கு எட்டும் உயரம். நான் எம்பப் போனேன்.

"தம்பி, விடுறா! அது சாரோட பால்."

குனிந்துகொண்டேன். தலைக்கு மேலே பந்து போன சத்தம் கேட்டது. பின்னால் வாத்தியார் அதை ஒரு தட்டு தட்டினார். அது எதிர்ப்பக்க மூலையில், கோட்டுக்கு உள்ளே போய் விழுந்தது. நான் அடித்திருந்தால் நெட்டைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். பின்னால் நிற்பவருக்குக் கோர்ட் முழுவதும் தெரியும், எனக்குப் பந்து மட்டும்தான் தெரியும். கைக்கு எட்டுகிறது என்பதாலேயே ஒன்று எனக்கு உரியதாகிவிடாது என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேலைக்குப் போன பிறகும், தம்பி தங்கைகளோடு வீட்டுக் காரியங்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போதும், அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

நடுவர் கிடையாது. பந்து பேட்டில் உரசிக்கொண்டு வெளியே போயிருந்தால், உரசியவரே கையைத் தூக்கி "டச்" என்று சொல்ல வேண்டும். அப்போது ஓர் ஆட்டத்துக்கு 29 பாயின்ட். ஒரே பாயின்டில் தோற்றுப்போகும் நிலையிலும் சலூன் கடைக்காரர் கையைத் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் யாருமே கவனித்திருக்கவில்லை. அதை யாரும் பெரிதாகப் பாராட்டவும் இல்லை, பாயின்டைச் சொல்லிவிட்டு அடுத்த சர்வீஸுக்குப் போய்விட்டார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

பூப்பந்துக்கும் அர்ஜுனா விருது கொடுத்திருக்கிறார்கள். 1970-இல் வாரங்கல்லின் ஜே. பிச்சையா அதை வாங்கினார். ரயில்வேயிலும் வங்கிகளிலும் பூப்பந்துக்காரர்களை எடுத்துக்கொண்ட காலம் அது. நன்றாக ஆடுகிற பையனைக் காட்டி "இவன் ரயில்வேக்குப் போயிடுவான்" என்பார்கள். ஒலிம்பிக்கிலும் ஆசியப் போட்டியிலும் இடமில்லாத ஆட்டம் என்பதால் வெளிச்சம் அதன்மேல் படவில்லை. மாநிலப் போட்டிகளும் தேசியப் போட்டிகளும் இன்றும் நடக்கின்றன. ஊர்த் திடல்களில்தான் காணோம். எங்கள் கோர்ட் இருந்த இடத்தில் இப்போது வகுப்பறைகள் நிற்கின்றன. பிள்ளைகள் படிக்கிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சென்னையில் மணிக் கணக்கில் வாடகை கொடுத்து ஷட்டில் ஆடுகிறேன். நல்ல ஆட்டம், நல்ல வெளிச்சம். மணி அடித்ததும் அடுத்த இருவர் வந்துவிடுகிறார்கள், நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். அங்கே எனக்காக யாரும் காத்திருப்பதில்லை, நானும் யாரையும் தேடிப் போவதில்லை. அதனால், எங்கள் குடியிருப்பின் பின்பக்கக் காலி இடத்தை அளந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்களைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு கோர்ட் போடலாம். மூன்றாம் மாடித் தாத்தா பழைய ஆட்டக்காரராம், வருகிறேன் என்றார். காவல்கார அண்ணனும் வருகிறார். இன்னும் ஏழு பேர் வேண்டும். ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.