இறங்காதே, தம்பி!

ஊர்திகள் ஓடாத சாலை எங்கே இருக்கிறது? சென்ற ஆண்டு மார்கழியிலே நம்மைக் குடைந்தெடுத்த கேள்வி இது. நம் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எண்மர், கோடியக்கரை வரை மிதிவண்டியிலே சென்று வர வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். ஆசிரியப் பணியில் மூன்றாண்டுகூட நிறையாத நாம், "உடன் வருகிறோம்" என்று வாக்களித்துவிட்டோம். வாக்களித்த பிறகுதான் அச்சம் பிடித்தது. சரக்குந்துகளும் பேருந்துகளும் சீறிப் பாயும் நெடுஞ்சாலையிலே, பிறர் பெற்ற பிள்ளைகளை அழைத்துச் செல்வதா? ஏதேனும் ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு பெற்றோரைப் பார்ப்பது?

அப்போது நம் நினைவுக்கு வந்தது, எப்போதோ படித்த ஒரு செய்தி. இங்கிலாந்திலே பிரிஸ்டல், பாத் என்று இரு நகரங்கள். அவற்றை இணைத்த இருப்புப்பாதை ஒன்றில் 1960களில் பயணிகள் வண்டி நின்றது. பின்னர்ச் சரக்கு வண்டியும் நின்றது. தண்டவாளம் போயிற்று, தடம் கிடந்தது. 1977இல் பிரிஸ்டல் நகரத்து மிதிவண்டி ஆர்வலர்கள் ஒன்றுகூடி ஓர் இயக்கம் கண்டார்கள். 1979 முதல் 1986 வரை தொண்டர்கள் உழைத்து, அந்தத் தடத்தை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதையாக ஆக்கிவிட்டார்கள். புகைவண்டி செங்குத்தான மேட்டிலே ஏறாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அமைத்த அந்தத் தடம் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும். முதியவரும் மிதிக்கலாம், சிறுவரும் மிதிக்கலாம். அந்த இயக்கமே சஸ்டிரான்ஸ் என்னும் அறநிறுவனமாக வளர்ந்து, 2000ஆம் ஆண்டில் கடலோரமும் காடும் கழனியும் தொட்டுச் செல்லும் மிதிவண்டிப் பாதை வலையில் முதல் 5,000 மைல்களைத் திறந்தது.

அத்தகைய பாதை நமக்கு ஏது? ஏதும் இல்லைதான். எனினும் ஊர்தி குறைந்த வழி இல்லாமலா போகும்? தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெற்றோம். பெற்றோரிடம் கடிதம் வாங்கினோம். குறிப்பேட்டிலே படம் வரைந்தோம். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வாய்க்கால் கரை வழியாகவும் சிற்றூர்த் தெருக்கள் வழியாகவும் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தோம். பேருந்து போகாத வழி, சரக்குந்து திரும்ப முடியாத வழி என்று தேடித் தேடி இழுத்த கோடு அது. கோட்டைப் பார்த்து நாமே மகிழ்ந்துகொண்டோம்.

தை மாதத்து ஞாயிறு. விடியுமுன்னே புறப்பட்டோம். எண்மருக்கும் அரசு வழங்கிய மிதிவண்டிகள். நமக்கு இரவல் வண்டி. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவர்க்கும் விரிந்த திட்டத்தின் பயன், நம் முன்னே ஒரே நிறத்தில் அணிவகுத்துச் சென்றது. எது யாருடைய வண்டி என்று பிரித்தறிய முடியாத அந்தக் காட்சி நமக்குப் பெருமையாக இருந்தது. இயந்திரத்துக்குச் சாதி உண்டா? சக்கரத்துக்கு மேல் கீழ் உண்டா? மேலே இருக்கும் பகுதி அடுத்த நொடியிலே கீழே வருவதல்லவா அதன் இயல்பு!

மணல் மேடுகளிலே முல்லைத் தோட்டங்கள், அவற்றுக்கிடையே மாந்தோப்புகள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலிலே தலையொடிந்த மரங்கள், பக்கத்திலே கிளைவிட்டுத் தழைத்திருந்தன. அகத்தியம்பள்ளியை அடைந்தபோது இருபுறமும் உப்பளங்கள். பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கியிருந்தது. 1930இல் உப்பு அறப்போர் நடந்த மண் இது என்று சொன்னோம். "அதன் பிறகு இவர்களுக்குக் கூலி ஏறிற்றா ஐயா?" என்று கேட்டான் ஒருவன். பாடநூலிலே விடை இல்லாத கேள்வி!

பின்னர்க் கோடியக்காடு. கடலோரத்திலும் இலையுதிர்க்காமல் பசுமை காக்கும் காடு. 1967இல் விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. திறந்த புல்வெளியிலே வெளிமான்கள் தலைதூக்கிப் பார்த்தன. உரிமையாளர் இல்லாத மட்டக்குதிரைகள் பாராமலே மேய்ந்தன. தொலைவிலே ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றிருந்தன. கோடியக்கரையில் கடல் தெரிந்ததும் எண்மரும் ஒருசேரக் கூவினார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டபோது, நம் சிவப்புக் கோடு வீண் போகவில்லை என்றே எண்ணினோம்.

அந்தோ! எவ்வளவு அறியாமை!

போகும்போதே ஒன்று நடந்தது. வழியில் ஓர் ஊர். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும். அங்கே ஒரு தெருவின் முனையில் நம் மாணவன் ஒருவன் இறங்கிவிட்டான். "சங்கிலி கழன்றுவிட்டது ஐயா, நீங்கள் போங்கள்" என்றான். தெருவின் மறுமுனையிலே வந்து சேர்ந்துகொண்டான். நாமும் மறந்துவிட்டோம். திரும்பும்போது அதே தெரு, மீண்டும் இறங்கினான். "கால் வலிக்கிறது ஐயா" என்றான். எதிர்க்காற்றிலே அத்தனை தொலைவும் முன்னணியில் மிதித்து வந்தவன் அவன்! அவனுக்கா கால் வலி?

அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் நம்மைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நமக்குப் புரிந்தது.

"யாராவது தடுத்தார்களா?" என்று கேட்டோம்.

"தடுக்க மாட்டாங்க ஐயா. பார்ப்பாங்க. சாயங்காலம் அப்பாகிட்டே, 'உன் மகன் பெரிய ஆளாயிட்டானாமே'ன்னு கேட்பாங்க. நீங்க மாத்தலாகிப் போயிடுவீங்க. அப்பாவுக்கு நாளைக்கும் இவங்க வயலிலேதான் வேலை."

நாமும் இறங்கினோம். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். ஒன்பது வண்டிகள் அந்தத் தெருவிலே உருட்டப்பட்டன. திண்ணையிலே இருந்த பெரியவர் ஒருவர், "என்ன வாத்தியாரே, எல்லா வண்டியும் பஞ்சரா?" என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அப்போது நாம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆம்" என்றோம். சீர்திருத்த மேடைகளிலே முழங்கக் கேட்டு வளர்ந்த நாம், வகுப்பறையிலே வைக்கத்தைப் பற்றி உரத்த குரலிலே பாடம் நடத்திய நாம், ஒரு திண்ணையின் முன்னே "ஆம்" என்றோம்!

வைக்கத்திலே கேட்டது என்ன? கோயிலைச் சுற்றிய தெருக்களிலே நடக்கும் உரிமை. 1924இல் தொடங்கிய அந்தப் போரிலே பெரியார் இருமுறை சிறைப்பட்டார். 1925இல் மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன. நூறாண்டு கடந்துவிட்டது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலே 2015இல் செய்த திருத்தம், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பொது இடத்தில் மிதிவண்டி ஓட்டுவதைத் தடுப்பது குற்றமென்று, மிதிவண்டி என்னும் சொல்லையே இட்டுச் சொல்கிறது. சட்டமியற்றுவோர் மிதிவண்டியின் பெயரைச் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தக் கொடுமை எத்தனை ஊர்களிலே நடந்திருக்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள்!

நம் சிவப்புக் கோட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஊர்தி வருமா என்று ஆராய்ந்தோம். பாலம் தாங்குமா என்று விசாரித்தோம். இந்தத் தெருவிலே எட்டுப் பேரும் ஏறிச் செல்ல இயலுமா என்று கேட்கவில்லை. ஏன்? நம் பாட்டனார் எந்தத் தெருவிலும் இறங்கியதில்லை. நம் தந்தையாரும் இறங்கியதில்லை. இறங்காதவர் கண்ணுக்கு இறங்குமிடம் தெரிவதில்லை. பிரிட்டனிலே கூட, மோட்டார் வண்டி நுழையாதிருக்க நட்ட தடைகள் சக்கர நாற்காலியில் வருவோரையும் தடுத்தன. பாதை அமைத்தவர்களே 2018இல் அதை ஒப்புக்கொண்டார்கள். 2020இல், பாதுகாப்பில்லை என்று தம் வலையில் ஏறத்தாழக் கால் பங்கைத் தாமே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தவறிழைத்தது வியப்பன்று; தம் கோட்டைத் தாமே அழித்த நேர்மையே நாம் கற்க வேண்டியது.

அந்த வாரமே அவன் வீட்டுக்குச் சென்றோம். தெருவிலே பொய் சொன்னதையும் சொன்னோம். அவன் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒருத்தனாப் போனா வம்பு ஐயா. கூட்டமாப் போகட்டும்."

எவ்வளவு பெரிய அரசியலை எவ்வளவு எளிய சொல்லிலே சொல்லிவிட்டார்! 1990களின் தொடக்கத்திலே புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் மிதிவண்டி கற்றபோதும் இதுதானே நடந்தது? தனியே ஓட்டியவளை ஏளனம் செய்த வாய்கள், 1992 மகளிர் நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அணியாக வந்தபோது அடங்கின அல்லவா?

மறு திங்கள்முதல், பள்ளிக்கு வரும் வழியாக அந்தத் தெருவையே எண்மரும் தேர்ந்தார்கள். சிலருக்கு அது சுற்று வழி. முதல் வாரம் நாமும் உடன் சென்றோம். தெரு முனையிலே அவன் வேகம் குறைந்தது. இடக்கால் ஒருமுறை தரையைத் தொட்டது. முன்னே சென்றவன் திரும்பிப் பார்க்காமலே மணியடித்தான். கால் மேலே ஏறியது. திண்ணைப் பெரியவர் பார்த்தார். இம்முறை நாம் நின்று, "அன்று பஞ்சர் இல்லை ஐயா" என்று தொடங்கி, நடந்ததைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை, மறுக்கவும் இல்லை.

வெற்றி என்று இதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தனியாக வரும் நாளில் இறங்குகிறாயா என்று அவனைக் கேட்டோம். சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் நம்மை உறங்கவிடவில்லை.

தோழர்களே! கடலோரத்திலும் காட்டோரத்திலும் ஊர்தியற்ற பாதைகள் நமக்கும் வேண்டும், கேட்போம், அமைப்போம். ஆனால் கோடு வரைவதற்கு முன்னே, உங்கள் ஊரிலே யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள். "இறங்காதே, தம்பி" என்று சொல்வது எளிது. சொல்வதற்கு முன்னே, நாளைக் காலை அவன் பக்கத்திலே வண்டியோட்ட நாம் இருப்போமா என்று நம்மைக் கேட்டுக்கொள்வோம்.