அம்மாவுக்கு எந்தச் சப்பாத்து?

2024 நவம்பர். ஒரு வாரமா மழை. நமுனுகுலை மலை இருக்கிற பக்கம் வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சது. ஆறாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அம்மா, கான் தாண்டும்போது வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியல. ஆனா கணுக்கால் வீங்கி நாலு நாள் லயத்துலயே இருந்தாங்க. நாலு நாளும் பேர் இல்ல. அந்த செப்டம்பர்லதான் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆகியிருந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கலாம். விழும்போது கால்ல கிடந்தது தேஞ்சுபோன ரப்பர் செருப்பு.

அம்மாவுக்கு நல்ல சப்பாத்து ஒண்ணு வாங்கணும்னு அன்னைக்கே முடிவெடுத்தோம். நாங்கன்னா அக்காவும் தம்பியும். ஒருத்தர் பதுளை டவுன்ல ஒரு கடையில வேலை, இன்னொருத்தர் ஏ.எல். படிக்கிறோம்.

ராத்திரி போன்ல தேட ஆரம்பிச்சோம். சப்பாத்துல தொடங்கின தேடல் எப்படியோ பனிச்சறுக்குல போய் நின்னுச்சு. பனியையே பார்த்திராத நாங்க அரை மணி நேரம் அதைப் பார்த்தோம். அங்கயும் இதே குழப்பம்தான். மெஷினால வாரிச் சீவின கெட்டிப் பனிப் பாதைக்கு ஒல்லியான பலகை. நடு அகலம் ஏறக்குறைய 70 மில்லிமீற்றர். அது ஓரத்தால பனியைக் கடிச்சு சட்டுன்னு திரும்பும். பாதையை விட்டு வெளிய, பொதுபொதுன்னு கிடக்கிற பனிக்கும் போகணும்னா 80, 90 மில்லிமீற்றர் அகலம் வேணும். அது புதையாது. ஆனா கெட்டிப் பனியில கொஞ்சம் மந்தம். எல்லாத்துக்கும் ஆகிற பலகை எதுலயும் முதலாவதா வராது. அதனால, 'உன் நாள்ல பெரும்பகுதி எந்தத் தரையில போகுது?'ன்னுதான் முதல்ல கேக்கிறாங்க.

எங்களுக்கு இது நல்லாவே புரிஞ்சது. ஊவாவுல தரை வருஷத்துக்கு ரெண்டு முறை மாறும். ஜூலை, ஆகஸ்ட்ல காஞ்ச காத்து அடிக்கும். ஊவா தேயிலைக்குப் பேர் வாங்கித் தர்ற வாசம் வர்றதும் அப்பதான். தரை கெட்டியா, தூசியா இருக்கும். மானாப்புல் காஞ்சு வழுக்கும். ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சேறு, அட்டை, பாசி பிடிச்ச கல்லு.

ரோட்டுல ஓடுற சப்பாத்துக்கு அடி தட்டை, குதியில மெத்தை உயரம். தார் ரோட்டுல சொகமா இருக்கும். சரிவுல குறுக்க நடந்தா அந்த உயரமே கணுக்காலைப் பிரட்டிவிடும். மலையேறுற சப்பாத்துக்கு அடியில பெரிய பெரிய பல்லு. சேத்துக்குள்ள இறங்கிப் பிடிக்கும். ஆனா பல்லு நெருக்கமா இருந்தா சேறு அடைச்சு வழவழன்னு ஆயிடும். ஈரக் கல்லுல பல்லு நுனி மட்டும்தான் படும், அதுவும் வழுக்கும்.

இதெல்லாம் படிச்சு, யோசிச்சு, பதுளையில பல்லு வச்ச சப்பாத்து ஒண்ணு வாங்கினோம். ரெண்டு பேர் சேமிப்பும் போச்சு.

அம்மா ஒரே ஒரு நாள் போட்டாங்க. சாயங்காலம் கழட்டி வாசல்ல வச்சுட்டு, "தரையே தெரியலடா. காலு பொய் சொல்லுது"ன்னாங்க.

எங்களுக்குக் கோவம் வந்துருச்சு. "எவ்வளவு காசு தெரியுமா?"ன்னு கேட்டுட்டோம். அம்மா ஒண்ணும் பேசல. ரொட்டி சுட்டுக் குடுத்துட்டுப் படுத்துட்டாங்க. மறுநாள் காலையில பார்த்தா சப்பாத்து இன்னும் நனஞ்சே கிடந்துச்சு. அம்மா பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு பெரட்டுக்குப் போயிட்டாங்க.

ராத்திரி வந்ததும்தான் ஒழுங்கா உக்காந்து கேட்டோம். அம்மா கணக்கு வேற. தேயிலைச் செடிக்கு நடுவுல தரையைக் கண்ணால பார்க்க முடியாது. கூடைப் பாரத்தோட, எங்க கல்லு, எங்க வேர், எங்க கான்னு பாதம்தான் தேடணும். மொத்த அடி அதை மறைச்சிடுது. துணிச் சப்பாத்து ஒரு ராத்திரியில காயாது. அட்டை ஏறினா சட்டுன்னு கழட்ட முடியாது. பீலியில கழுவினா தண்ணி வடிஞ்சு, காலையில போடுற மாதிரி இருக்கணும். செருப்பு வழுக்குதுன்னு அவங்களுக்கும் தெரியும். விழுந்தது அவங்கதானே.

நாங்க போன்ல முகம் தெரியாத பத்துப் பேர்கிட்ட கேட்டோம். முப்பது வருஷமா அதே சரிவுல நடக்கிறவங்ககிட்ட கேக்கல.

அடுத்த சம்பளத்துல அம்மாவையே கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். அடியை மடக்கிப் பார்த்து, நகத்தால அழுத்திப் பார்த்து, மெல்லிசான ரப்பர் சப்பாத்து ஒண்ணு எடுத்தாங்க. அடியில சின்னச் சின்னதா, தள்ளித் தள்ளி முள்ளு. விலை எங்களோடதுல கால்வாசிகூட இல்ல. அதுக்கப்புறம் அம்மா விழவே இல்லன்னு சொல்ல மாட்டோம். ரெண்டு தடவை வழுக்கியிருக்காங்க. வேலைக்குப் போகாம இருக்கிற அளவுக்கு இல்ல.

விலை கூடினது இப்ப அக்கா கால்ல. 2,036 மீற்றர் நமுனுகுலை ஏறினப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கூடை இல்லாம, பார்த்துப் பார்த்து நடக்கிறவங்களுக்கு அது சரி.

உங்க வீட்ல யாராவது மலைக்குப் போறாங்களா? வாங்குறதுக்கு முன்னாடி அவங்க பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்க. அம்மாவோடது ஒரு ஓரம் மட்டும் காகிதம் மாதிரி தேஞ்சிருந்துச்சு. வருஷக்கணக்கா வாசல்லதான் கிடந்துச்சு. நாங்கதான் பார்க்கல.